எல்லையில் வேலி போடப் போனேன்: மூன்றரைக் கிலோமீட்டரில் 31 லட்சம் நஷ்டம்

2018 ஆகஸ்டில் ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. மேகாலயாவில் வங்கதேச எல்லையில் மூன்றரைக் கிலோமீட்டர் வேலி இருக்கிறது, இரும்புத் தூண்களும் கம்பியும் அவர்கள் தருவார்கள், சிமெண்ட், மணல், ஜல்லி, ஆட்கள், இயந்திரம் எல்லாம் என் பொறுப்பு, கிலோமீட்டருக்கு 40 லட்சம் என்றார்கள். நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கம்பி வேலி போடுகிறவன். காற்றாலை வளாகங்கள், துணை மின் நிலையங்கள், ரயில் பாதை ஓரங்கள் என்று போட்ட வேலியை வரிசையாக நிறுத்தினால் 100 கிலோமீட்டரைத் தாண்டும். மொத்தம் 1 கோடியே 40 லட்சம் என்றதும் மனதுக்குள் கணக்குப் போட்டேன், 20 லட்சமாவது நிற்கும் என்று தோன்றியது. மனைவியின் நகைகளை வங்கியில் வைத்து முதல் தவணைப் பணத்தைத் திரட்டினேன். கடைசியில் என் கையிலிருந்து 31 லட்சம் போனது. நகைகள் திரும்ப வீட்டுக்கு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. எல்லை வேலி என்பது வேறு வகை வேலை என்று கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி நஷ்டத்தைத் தவிர்த்திருப்பேன். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான எல்லை 4,096 கிலோமீட்டர். 1947 பிரிவினையின்போது ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அவசரமாகக் கிழித்த கோடு அது. வயலுக்கு நடுவே, ஆற்றுக்கு நடுவே, சில ஊர்களில் வீடுகளுக்கு நடுவேகூடப் போகும். இதில் மேகாலயாவின் பங்கு 443 கிலோமீட்டர். எனக்குக் கிடைத்த பகுதி கிழக்குக் காசி மலை மாவட்டத்தின் தெற்குச் சரிவு. மேலே மேகம் முட்டும் மலை, கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வங்கதேசத்தின் சில்ஹெட் சமவெளி. மழைக்காலத்தில் அந்தச் சமவெளி முழுவதும் ஏரியாகிப் படகுகள் மலையடிவாரம் வரை வந்து நிற்கும். உலகிலேயே அதிக மழை பெய்யும் மௌசின்ராமும் சிரபுஞ்சியும் இதே சரிவின் உச்சியில்தான் இருக்கின்றன. படித்த பாடத்தில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த மழை என் குழிகளுக்குள்தான் விழப்போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. அங்கே வேலை செய்ய நவம்பர் முதல் மார்ச் வரைதான் நேரம். ஏப்ரலில் மழை தொடங்கிவிடும். ஒப்பந்தத்தில் "12 மாதங்கள்" என்று இருந்தால் ஐந்து மாதங்கள் என்றே படியுங்கள்.

அடுத்து 150 கெஜம். இரு நாடுகளின் எல்லை அதிகாரிகளும் 1975-இல் ஒப்புக்கொண்ட விதிகளின்படி, பூஜ்யக் கோடு எனப்படும் எல்லைக் கோட்டிலிருந்து இருபுறமும் 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக்கான கட்டுமானம் எதுவும் கூடாது. வேலியையும் பாதுகாப்புக் கட்டுமானம் என்றே வங்கதேசம் பார்க்கிறது. அதனால் நம் வேலி எல்லைக் கோட்டில் நிற்காது, சுமார் 137 மீட்டர் நம் நிலத்துக்குள் தள்ளி நிற்கும். சில இடங்களில் பேச்சுவார்த்தை நடத்தி, 150 கெஜத்துக்குள் ஒற்றை வரிசை வேலி போட அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள், ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். எனக்கு வந்தது வழக்கமான இரட்டை வரிசை. இரண்டு வரிசைத் தூண்கள், இரண்டிலும் முள்கம்பி, நடுவே சுருள் கம்பி. என் வரைபடத்தின்படி இரண்டரை மீட்டருக்கு ஒரு தூண், ஆக மொத்தம் 2,800 குழிகள்.

அக்டோபர் கடைசியில் போய் இறங்கினேன். அந்த மலைப் பழங்குடியினரின் காசி மொழி தெரியாது, வங்காளம் தெரியாது, இந்தி அரைகுறை. தங்குவதற்கும் பொருள்களை இறக்குவதற்கும் இடமும், பாக்குத் தோப்பு வழியாக ஒரு பாதையும் தேவைப்பட்டன. அந்தச் சரிவு முழுக்கப் பாக்கு மரமும் அதன்மேல் படர்ந்த வெற்றிலைக் கொடியும்தான். பார்த்த முதல் நாள் மனது குளிர்ந்துபோனது. தோப்பில் நின்ற ஒருவரிடம் விலை பேசி 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கினேன். நான்காம் நாள் பாதையின் குறுக்கே மூங்கில் கட்டப்பட்டிருந்தது. காசி மக்களிடம் பரம்பரைச் சொத்து தாய்வழியில் போகும். கடைக்குட்டி மகளிடம் அது இருக்கும், முடிவெடுப்பதில் தாய்மாமன்களுக்கும் பங்கு உண்டு. நான் பணம் கொடுத்தவர் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர். அவருக்கு அந்த மண்ணில் ஒரு பிடிகூட எழுதிக்கொடுக்க உரிமையில்லை. ஊர்ச்சபையில் தலைவர் முன் மூன்று நாள் உட்கார்ந்தேன். அந்த 60,000 திரும்பவில்லை, உரியவர்களுக்கு மறுபடியும் கொடுத்துத்தான் பாதை திறந்தது.

எல்லைப் பகுதியில் யாருடைய நிலம் என்பதை வருவாய்த் துறைக் காகிதத்தில் மட்டும் தேடாதீர்கள், மேகாலயாவில் பெரும்பாலான நிலத்துக்கு அப்படிப்பட்ட காகிதமே கிடையாது. ஊர்ச்சபைத் தலைவரைப் பார்த்து, குடும்பத்துப் பெண்களும் தாய்மாமனும் முன்னால் இருக்க, சபையின் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். முன்பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். ஆட்களை இறக்குவதற்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் தனியாகப் போய் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். நான் 38 பேரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டு நிலம் பேசினேன். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவு ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஊர்ச்சபையில்தான் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். எல்லோரும் அவரைக் கோங் என்று அழைத்தார்கள், காசியில் கோங் என்றால் அக்கா. அவருடைய தோப்பில் பாதி வேலிக்கு அந்தப் பக்கம் போகிறது, மகள் வீடும் அந்தப் பக்கம். வேலியில் கேட் வைப்பார்கள், குறித்த நேரத்தில் திறப்பார்கள், அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகலாம் என்று மொழிபெயர்ப்பவர் மூலம் சொன்னேன். அவர் கோபப்படாமல் கேட்டார்: "இரவில் என் மகளுக்குப் பிரசவ வலி வந்தால் கேட்டை யார் திறப்பார்கள், தம்பி?" நான் ஒப்பந்தக்காரன், எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லைப் பாதுகாப்புப் படையின் சாவடி அதிகாரியிடம் கேட்டேன், அவசரம் என்றால் எந்த நேரமும் திறப்போம் என்று உறுதியாகச் சொன்னார். நல்ல மனிதர், சொன்னபடி செய்யக்கூடியவர். ஆனால் அவர் மாற்றலாகிப் போவார், வேலி அங்கேயே இருக்கும். மேகாலயாவில் பல ஊர்கள் வேலியைப் பூஜ்யக் கோட்டிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று கேட்பதைத் தேசப்பற்றுக் குறைவு என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த மூதாட்டியின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். தன் சொந்த நாட்டின் வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

டிசம்பரில் வேலை தொடங்கியது. மண் என்று நினைத்த இடத்தில் முழம் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. மண்ணில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு நான்கு குழி எடுப்பார், இந்தப் பாறையில் இரண்டு பேர் கடப்பாரையோடு இரண்டு நாள் போராடி ஒரு குழி எடுத்தார்கள். எல்லைக்கு இவ்வளவு அருகில் வெடி வைக்க அனுமதி கிடைக்காது. கம்ப்ரசரும் பாறை உடைக்கும் பிரேக்கரும் குவாஹாட்டியிலிருந்து வரவழைத்தேன், பாதை இல்லாத இடங்களுக்குத் தோளில் தூக்கிப் போனோம். என் ஒப்பந்தத்தில் "எல்லா வகை மண்ணிலும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த மூன்று சொற்களுக்கு நான் கொடுத்த விலை ஏறக்குறைய 11 லட்சம். பாறைக்குத் தனி விலை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் 100 மீட்டருக்கு ஒன்று என்று சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள். மூன்றரைக் கிலோமீட்டருக்கு 35 குழி, பத்து நாள் வேலை.

2019 ஜனவரி 21 காலையில் வங்கதேச எல்லைக் காவலர்கள் அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டிக் கத்தினார்கள். எங்கள் ஆட்கள் கருவிகளைப் போட்டுவிட்டு மேலே ஓடினார்கள். ஒரு வளைவில் எங்கள் குழிகள் 150 கெஜத்துக்குள் வந்துவிட்டன என்பது அவர்கள் புகார். அந்த இடத்தில் எல்லைக் கோடு ஓர் ஓடையோடு சேர்ந்து வளைகிறது, எங்களுக்கு முளை அடித்துக் கொடுத்தவர்கள் இரண்டு எல்லைத் தூண்களுக்கு நடுவே நேர்கோடு இழுத்து அதிலிருந்து அளந்திருந்தார்கள். கோடு எந்த இடத்தில் மிக அருகில் வருகிறதோ அங்கிருந்துதான் 137 மீட்டர் அளக்க வேண்டும். ஒன்பது மீட்டர் பிசகு. இரு நாட்டு எல்லைக் காவல் அதிகாரிகளும் எல்லையில் சந்தித்துப் பேசும் கொடிச் சந்திப்பு நடந்தது, பிறகு இன்னொன்று, பிறகு இரு தரப்பும் சேர்ந்து அளந்தார்கள், அந்தத் தாள் மேலிடத்துக்குப் போய்த் திரும்பியது. மார்ச் 8 வரை 47 நாட்கள் எங்கள் பகுதி முழுவதும் வேலை நின்றது. வேலை செய்வதற்கென்றே கிடைத்த ஐந்து மாதத்தில் ஒன்றரை மாதம் அப்படியே போனது. ஆட்களுக்குப் பாதிக் கூலி, சாப்பாடு, இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து நாளுக்கு 20,000 ரூபாய் வீதம் 9 லட்சத்து 40 ஆயிரம். 64 குழிகளை மூடிவிட்டுப் பின்னால் தள்ளி மறுபடியும் எடுத்தோம். அந்த நாட்களில் இரவு முழுவதும் தூக்கம் வராது. கூடாரத்தின் தகரத்தில் பனி சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வட்டிக் கணக்கை மனதில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் பேசும்போது எல்லாம் நன்றாக நடக்கிறது என்றேன்.

அந்த 9 லட்சத்து 40 ஆயிரத்தில் ஒரு ரூபாயும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், நான் எதையும் எழுதி வைக்கவில்லை. அரசு வேலை நடக்கும் களத்தில் தடைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும், ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்பார்கள். எந்தத் தேதியில், யாரால், எதற்காக வேலை நின்றது, எப்போது மறுபடி தொடங்கியது என்று அதில் ஏற வேண்டும். பெரிய ஒப்பந்தக்காரர் தனக்குக் கால நீட்டிப்பு வாங்க அதை ஒழுங்காக எழுதிக்கொண்டார். துணை ஒப்பந்தக்காரனான என் ஆட்களும் இயந்திரமும் சும்மா நின்றதற்கு அதில் ஒரு வரி கிடையாது. நீங்கள் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எத்தனை ஆள், என்ன இயந்திரம், ஏன் நின்றது என்று எழுதி, அதே வாரத்தில் பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கடிதமாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று, இரு நாட்டுத் தரப்பும் சேர்ந்து அளந்த தாளின் நகல் உங்கள் கைக்கு வராமல் ஒரு இயந்திரத்தையும் மலை ஏற்றாதீர்கள்.

மார்ச் கடைசியில் கம்பி கட்டிய 120 மீட்டர் ஒரே இரவில் வெட்டப்பட்டது. காலையில் போய்ப் பார்த்தால் சுருள் கம்பி ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டு, மாடுகளின் குளம்புத் தடம் சேற்றில் பதிந்திருந்தது. இரண்டு கட்டு முள்கம்பியும் சில தூண்களும் காணவில்லை. பொருள் நிறுவனத்துடையது, ஆனால் ஒப்படைக்கும் வரை பாதுகாப்பு என் பொறுப்பு என்று எழுதியிருந்ததால் 3 லட்சத்து 20 ஆயிரத்தை என் பில்லில் பிடித்துக்கொண்டார்கள். முழு வேலையும் முடிந்த பிறகு ஒப்படைப்பது என்றிருந்தால் அத்தனை மாதமும் அந்த வேலிக்குக் காவல்காரன் நீங்கள்தான். 200 மீட்டர் முடிந்தால் அந்த 200 மீட்டரை அளந்து ஒப்படைத்துவிடும்படி பகுதி ஒப்படைப்பு என்ற ஷரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வேலி பயன்படுகிறதா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த 120 மீட்டரைத்தான் சொல்வேன். கம்பியை வெட்டச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களுக்குள் காவலர் வந்து சேர வேலியை ஒட்டிச் சாலையும் விளக்கும் இருந்தால் வேலி பயன்படும். எங்களுக்கு மேற்கே சாலை, விளக்கு, காவல் மூன்றும் இருந்த பகுதியில் மாட்டுக் கடத்தல் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது, நானே பார்த்தேன். ஆனால் அங்கே நின்றது இங்கே வந்தது. எங்கள் பகுதி திறந்து கிடந்ததால் மொத்தப் போக்குவரத்தும் எங்கள் வழியாகத்தான். நாங்கள் அடைத்தால் கிழக்கே போகும். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் 2023-இல் வேலியில் தேனீப் பெட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள், கம்பியில் கை வைப்பவரைத் தேனீ கொட்டட்டும் என்று. பெட்டியைப் பராமரிப்பது அந்த ஊர் மக்கள், தேனும் அவர்களுக்கே. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலியோரம் வாழ்பவருக்கு வேலியால் ஒரு வருமானம் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அதே எல்லை வேலியில் வேறோர் இடத்தில் 2011 ஜனவரியில் ஃபெலானி என்ற பதினைந்து வயதுச் சிறுமி தந்தையோடு வங்கதேசத்துக்குத் திரும்பிப் போக ஏறியபோது சுடப்பட்டு, அவளுடைய உடல் கம்பியில் மணிக்கணக்கில் தொங்கியதையும் மறக்க முடியாது. கம்பியை முறுக்கிக் கட்டும்போது பல முறை அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள்.

ஏப்ரலில் மழை வந்தது. எங்கள் பகுதியில் ஆறு ஓடைகள் வேலியைக் கடந்தன. ஓடையின் குறுக்கே கம்பி கட்டினால் மரக்கிளையும் இலையும் வந்து கம்பியில் அடைத்துக்கொள்ளும், வேலி அணையாகிவிடும், பிறகு தண்ணீர் தூணோடு பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டு இடங்களில் அப்படித்தான் போயிற்று, 2 லட்சத்து 60 ஆயிரம். ஓடைகளில் தூக்கி இறக்கும் கம்பிக் கதவு வைத்த சிறு பாலம் வேண்டும், அதை வேலியின் மீட்டர் கணக்கில் சேர்க்காமல் தனி வேலையாக விலை பேச வேண்டும். பெரிய ஆறுகளில் அதுவும் முடியாது. அசாமின் துப்ரியில் பிரம்மபுத்திரா எல்லையைக் கடக்கும் 61 கிலோமீட்டரில் மணல் திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதால் வேலி நிற்காது, அதனால்தான் 2019 மார்ச்சில் அங்கே கேமராவும் உணர்கருவிகளும் கொண்ட கண்காணிப்பைத் தொடங்கினார்கள். நாடாளுமன்றத்தில் 2025 பிப்ரவரியில் அரசு சொன்ன கணக்குப்படி, வேலி இல்லாமல் மிச்சமிருப்பது 864 கிலோமீட்டர், அதில் 174 கிலோமீட்டரில் வேலி சாத்தியமே இல்லை. 3,232 கிலோமீட்டர் முடிந்துவிட்டதே, மிச்சம் கொஞ்சம்தானே என்று யாராவது உங்களுக்கு வேலை கொடுக்க வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எளிதான இடங்களையெல்லாம் முப்பது ஆண்டுகளாகப் போட்டு முடித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி சதுப்பு, சரிவு, நிலத் தகராறு, எதிர்த்தரப்பின் ஆட்சேபம்.

2019 நவம்பரில் மறுபடியும் போனேன். டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களால் ஷில்லாங்கில் ஊரடங்கு, செல்பேசி இணையம் துண்டிப்பு. வங்கியிலிருந்து பணம் அனுப்ப வழியில்லாமல் கடனுக்கு அரிசி வாங்கினோம். 2020 பிப்ரவரி 28-இல் அதே மாவட்டத்தின் இச்சாமதியில் காசி மக்களுக்கும் பழங்குடியினர் அல்லாதவர்களுக்கும் மோதல் நடந்து உயிர் போனது, வெளியூர்த் தொழிலாளர்கள் பயத்தில் மூட்டை கட்டினார்கள். என் ஆட்களில் பாதிப்பேர் அசாமின் வங்காளம் பேசும் தொழிலாளர்கள். அவர்களை இரவோடு இரவாக ஒரு லாரியில் ஏற்றிக் குவாஹாட்டிக்கு அனுப்பினேன். கோங்கின் மகன்கள் இருவர் வண்டிக்கு முன்னால் தங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, வழியில் நிறுத்தியவர்களிடம் பேசி, மலை உச்சி வரை கொண்டுபோய் விட்டார்கள். அந்த உதவிக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, அவர்களும் எதுவும் கேட்கவில்லை. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. 2.9 கிலோமீட்டர் முடித்திருந்த நிலையில் நான் ஊர் திரும்பினேன்.

1 கோடியே 16 லட்சத்துக்கு வேலை செய்து, 1 கோடியே 47 லட்சம் செலவழித்திருந்தேன். மேலே சொன்னவை போக மீதி வட்டியிலும் சில்லறைச் செலவிலும் போயிற்று. அந்த 1 கோடியே 16 லட்சமும் உடனே வரவில்லை. "எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்கு" என்ற ஷரத்து இருந்தது, பிடித்தம் வைத்த ஐந்து சதவீதம் 2022-இல்தான் வந்தது. இதற்கிடையே நான் செய்த இன்னொரு தவறு, வேலை முடிந்த உடனே ஜிஎஸ்டி பில் போட்டது. பில் தேதிப்படி வரி கட்டிவிட வேண்டும், பணம் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறி, தொகை ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு எப்போது பில் போடலாம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று வக்கீலிடம் போனேன். கட்டுமான ஒப்பந்தங்கள் அதில் வராது என்று தீர்ப்புகள் இருக்கின்றன, நம்பி இறங்க முடியாது என்றார். ஷரத்தை முதலிலேயே மாற்றிக் கேட்பதுதான் வழி: அவர்களுக்கு வந்தாலும் வராவிட்டாலும் 90 நாட்களில் உங்களுக்கு என்று ஒரு எல்லை இருக்க வேண்டும். மறுத்தால் வேலையை விட்டுவிடுங்கள்.

2023 ஜனவரியில் வேறு வேலையாகக் குவாஹாட்டிக்குப் போனவன், ஒரு நாள் ஒதுக்கி அங்கே போய் வந்தேன். எங்கள் தூண்கள் நேராக நின்றன. ஓடைகளில் ஒன்றில் கம்பி இல்லை, ஊர்க்காரர்கள் மூங்கில் கட்டியிருந்தார்கள். கேட் அருகே கோங்கின் மகள் இடுப்பில் குழந்தையோடு அட்டையைக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை பகலில் பிறந்ததா, இரவிலா என்று கேட்டேன். இரவில்தான், கேட் திறந்தார்கள், ஆனால் சாவி வர நாற்பது நிமிடம் ஆயிற்று என்றார். கிழக்கே நான் விட்டுவந்த 600 மீட்டரில் அன்றுவரை யாரும் ஒரு குழிகூட எடுத்திருக்கவில்லை.